எஞ்சின் நின்ற கப்பலை இழுவைக் கப்பல் மீட்கும் முறை: மும்பைக் கடலோரத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பைக்கு மேற்கே உள்ள கடலில் காற்றும் அலையும் பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்துமே வருகின்றன. அந்த மாதங்களில் எஞ்சின் நின்றுபோகும் எந்தக் கப்பலும், யாரும் எதுவும் செய்யாமல் விட்டால், கரையை நோக்கித்தான் ஒதுங்கும். 2011 ஜூன் மாதத்தில், உடைப்பதற்காகக் கொழும்பிலிருந்து அலாங் நோக்கி ஆளில்லாமல் இழுத்துச் செல்லப்பட்ட 'விஸ்டம்' என்ற கப்பல் இழுவடம் அறுந்து ஜூஹு கடற்கரையில் வந்து தரைதட்டியது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் தேதி, ஓமன் அருகே மாலுமிகள் கைவிட்டிருந்த 'பாவிட்' என்ற சிறு எண்ணெய்க் கப்பல், ஏறத்தாழ ஒரு மாதம் தன்னந்தனியாக மிதந்து அதே கரைப்பகுதியில் ஒதுங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2010 ஆகஸ்ட் 7 அன்று, 'எம்.எஸ்.சி. சித்ரா'வும் 'கலீஜியா-3'உம் துறைமுக வாயிலருகே மோதிக்கொண்டதில் கொள்கலன்கள் கடலில் விழுந்து மிதந்தன. மும்பைத் துறைமுகம், ஜவஹர்லால் நேரு துறைமுகம் ஆகிய இரண்டின் கப்பல் போக்குவரத்தும் சில நாட்கள் நின்றது. பருவமழைக் காலத்தில் மேற்குக் கரையில் அவசர இழுவைக் கப்பல் ஒன்றைத் தயார் நிலையில் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டின் தேவையை இந்த நிகழ்ச்சிகள் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டின.

தூத்துக்குடியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் வந்து, நவி மும்பையின் நெரூலிலும் பேலாப்பூரிலும் அறை எடுத்துத் தங்கி, கப்பல் அதிகாரிகளுக்கான எம்.எம்.டி. (வணிகக் கப்பல் துறை) வாய்மொழித் தேர்வுக்குப் படிக்கும் நம் இளைஞர்கள் பலர் அவசர இழுவை பற்றிய கேள்விக்குரிய விடையை மனப்பாடமாகவே ஒப்பிக்கிறார்கள். ஒவ்வொரு படியும் ஏன் அந்த வரிசையில் வருகிறது என்று தெரிந்தால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே இராது. ஆகவே, உதவி கேட்கும் கப்பலின் பக்கத்திலிருந்தும் உதவிக்கு வரும் கப்பலின் பக்கத்திலிருந்தும் இந்த வேலையை வரிசைப்படி இங்கே விளக்குகிறேன். கப்பலில் இல்லாமல் கரை அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பயன்படும்.

உதவிக்கு வருவது எத்தகைய கப்பல்

இழுவைக் கப்பலை டக் என்பார்கள். துறைமுகத்தில் கப்பல்களைத் தளத்தோடு அணைக்கும் டக் வேறு, திறந்த கடலில் புயலில் நின்று இழுக்கும் அவசர இழுவைக் கப்பல் வேறு. துறைமுக டக்கின் எஞ்சின் வலுவாகவே இருக்கும். ஆனால் அதன் உடல் சிறியது, வடம் குட்டை, பெரிய அலையில் அதன் பின்தளத்தில் ஆள் நிற்க முடியாது. அவசர இழுவைக் கப்பலிலோ பல நூறு மீட்டர் எஃகு வடம் சுற்றிய வின்ச், தீயணைக்கும் நீர்ப்பீரங்கிகள், கையில் எடுத்துச் செல்லக்கூடிய பம்புகள், மீட்கப்பட்டவர்களுக்கு இடம், மேலே ஹெலிகாப்டரிலிருந்து ஆளிறக்க வசதி ஆகியவை இருக்க வேண்டும்.

இதன் வலுவைக் குதிரைத்திறனால் அளப்பதைவிட 'பொல்லார்ட் புல்' என்ற அளவால் சொல்வதே வழக்கம். கரையில் உள்ள கட்டுத்தூணோடு வடத்தைக் கட்டி, நகராமல் நின்றபடியே முழு எஞ்சின் விசையில் இழுக்கும்போது வடத்தில் பதிவாகும் விசையே அது. பிரான்சின் 'அபெய் பூர்போன்', ஜெர்மனியின் 'நோர்டிக்' போன்றவை ஏறத்தாழ 200 டன் இழுவிசை கொண்டவை. பெரிய கொள்கலன் கப்பலின் பக்கவாட்டுச் சுவர் முழுவதிலும் காற்று அடிக்கும்போது, அதன் ஒதுக்கத்தை நிறுத்துவதற்கே இத்தகைய விசை வேண்டியிருக்கும். அருகில் இருப்பது சிறிய டக்தான் என்றாலும் அதை அழைக்கத் தயங்க வேண்டாம். முழுதாக நிறுத்த முடியாவிட்டாலும் ஒதுங்கும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலே பெரிய டக் வந்து சேர நேரம் கிடைத்துவிடும்.

முதல் படி: நேரத்தைக் கணக்கிட்டு, உடனே தகவல் சொல்லுதல்

எஞ்சின் நின்ற உடனே பிரிட்ஜில் (கப்பலை ஓட்டும் அறையில்) செய்ய வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கப்பல் கரையிலிருந்து 15 கடல் மைல் மேற்கே இருக்கிறது. அடியாழம், அதாவது கப்பல் நீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம், 12 மீட்டர். மும்பைக் கடல் வெகுதூரம் வரை ஆழம் குறைந்தது என்பதால், கப்பல் கரையைத் தொடுவதற்கு வெகுமுன்னரே அடி தட்டிவிடும். அந்த எல்லை கரையிலிருந்து 5 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் ஒதுங்கினால் மீதமுள்ள 10 மைலுக்கு 5 மணி நேரம். டக் 40 மைல் தொலைவில் இருக்கிறது. அலையில் அது மணிக்கு 10 கடல் மைல்தான் ஓடும் என்றால் வந்து சேர 4 மணி நேரம். வந்த பிறகு வடம் கொடுக்க ஒரு மணி நேரம். மிச்சம் ஒன்றுமில்லை. "இன்னும் அரை மணி நேரத்தில் எஞ்சினை ஓட வைத்துவிடலாம்" என்று சீஃப் இன்ஜினியர் சொல்வதை நம்பிக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது? எஞ்சின் ஓடிவிட்டால் டக்கைத் திருப்பி அனுப்பிவிடலாம். செலவு மட்டுமே ஆகும். என் அனுபவத்தில், இந்தச் செலவுக்கு அலுவலகத்திடம் யார் பதில் சொல்வது என்ற தயக்கம்தான் இயந்திரக் கோளாறைவிட அதிகமாகக் கப்பல்களைக் கரைக்குத் தள்ளுகிறது.

தகவல் சொல்ல வேண்டிய இடம் மும்பையில் உள்ள கடலோரக் காவல்படையின் கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம். வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சானல், டி.எஸ்.சி. என்ற எண்முறை ரேடியோ அழைப்பு, செயற்கைக்கோள் தொலைபேசி ஆகியவற்றில் எது கைவசம் இருக்கிறதோ அதில் சொல்லலாம். கரையில் உள்ளவர்கள் 1554 என்ற எண்ணை அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 'மேடே', அந்த நிலைக்கு இன்னும் போகவில்லை என்றால் 'பான்-பான்'. கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் தகவல் மையத்துக்கும் உரிமையாளர் அலுவலகத்துக்கும் இதே தகவல் போக வேண்டும்.

தகவலில் நிலையும் நேரமும் மட்டும் போதாது. ஒதுங்கும் திசையும் வேகமும், முன் பின் அடியாழம், சரக்கு, எரிபொருளின் அளவு, மின்சாரம் இருக்கிறதா, நங்கூர வின்ச் இயங்குகிறதா, கப்பலில் எத்தனை பேர், முன்தளத்துக்குப் பத்திரமாகப் போக முடியுமா என்பவற்றையும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு விவரங்களும்தான் டக் கேப்டனுக்கு மிக முக்கியம். அவர் எந்த முறையில் வடம் கொடுப்பார் என்பது அவற்றைப் பொறுத்தது.

இரண்டாம் படி: ஒப்பந்தம்

மீட்பு வேலைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒப்பந்தப் படிவம் 'லாயிட்ஸ் ஓபன் ஃபார்ம்' எனப்படுவது. வெற்றி இல்லையேல் கூலி இல்லை என்பதே அதன் அடிப்படை. தொகையை முன்கூட்டிப் பேச வேண்டியதில்லை. மீட்கப்பட்ட சொத்தின் மதிப்பு, இருந்த ஆபத்து, காட்டிய திறமை ஆகியவற்றை வைத்துப் பின்னர் நடுவர் தீர்மானிப்பார். சுற்றுச்சூழல் கேடு வரக்கூடிய இடத்தில் கப்பல் காப்பாற்றப்படாவிட்டாலும் மீட்பவருக்குச் செலவு கிடைக்க வேண்டும் என்பதை 1989ஆம் ஆண்டின் சர்வதேச மீட்பு உடன்படிக்கை சேர்த்தது. அதே உடன்படிக்கை, உரிமையாளரின் சார்பில் மீட்பு ஒப்பந்தம் செய்யும் அதிகாரத்தைக் கப்பலின் கேப்டனுக்குத் தெளிவாகவே கொடுக்கிறது. தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்த ஒரு வரியை மறக்கக் கூடாது. ரேடியோவில் இரு கேப்டன்களும் சம்மதம் சொல்லி, நேரத்தைப் பதிவேட்டில் எழுதினாலே போதும்; கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

1978 மார்ச் 16 அன்று பிரான்சின் பிரிட்டனிக் கரையருகே 'அமோகோ காடிஸ்' என்ற எண்ணெய்க் கப்பலின் சுக்கான் காலையில் செயலிழந்தது. 'பசிபிக்' என்ற ஜெர்மன் டக் உதவிக்கு வந்தது. எந்த ஒப்பந்தத்தின் கீழ் இழுப்பது என்ற பேச்சு மணிக்கணக்கில் நீண்டது. இழுவடம் அறுந்தது, மீண்டும் கட்ட முயன்றார்கள், இரவில் கப்பல் பாறைமேல் ஏறியது. ஏறத்தாழ 2,20,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. அந்த டக்கின் வலு போதாமல் இருந்தது என்பதும் உண்மைதான். ஆயினும் பேச்சில் போன நேரம் திரும்ப வரவில்லை. இதன் பிறகுதான் பிரான்ஸ் தன் கரைகளில் பெரிய இழுவைக் கப்பல்களை அரசுச் செலவில் நிரந்தரமாக நிறுத்தத் தொடங்கியது.

மூன்றாம் படி: டக் வந்து சேரும்வரை

நங்கூரம் போட வாய்ப்பு இருந்தால் அதைத் தயாராக வையுங்கள். ஆழம் குறைந்த மும்பைக் கடலில் நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டாலும் கப்பலின் வேகம் குறையும், முகம் அலையை நோக்கித் திரும்பும். ஆனால் நங்கூரத்தை மட்டுமே நம்பி இருப்பது வேறு விஷயம். 2021 மே 17 அன்று டவ்-தே புயலில், பம்பாய் ஹை எண்ணெய் வயல் பகுதியில் நின்றிருந்த பி-305 என்ற தங்குமிடப் படகின் நங்கூரங்கள் பிடிவிட்டு, அது ஒதுங்கி மூழ்கியதில் பலர் உயிரிழந்தனர். அதே புயலில் 'கால் கன்ஸ்ட்ரக்டர்' என்ற படகிலிருந்து 137 பேரை மீட்ட பணியில் 'வாட்டர் லில்லி' என்ற அவசர இழுவைக் கப்பலும் கடலோரக் காவல்படையும் ஹெலிகாப்டர்களும் சேர்ந்து ஈடுபட்டன.

அடுத்ததாக, ஒவ்வொரு கப்பலிலும் இருக்க வேண்டிய அவசர இழுவை நடைமுறைக் கையேட்டை எடுத்து, எந்தத் துளை வழியாக வடம் வரும், எந்தக் கட்டுத்தூண் எவ்வளவு விசை தாங்கும் என்று போசனோடு (தள மாலுமிகளின் தலைவரோடு) உட்கார்ந்து பாருங்கள். சரக்குக் கப்பல்களுக்கு இது 2012 முதல் கட்டாயம். 20,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய்க் கப்பல்களில் முன்னும் பின்னும் இழுவை அமைப்பே பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பின்புறத்து அமைப்பைத் துறைமுக நிலையில் 15 நிமிடத்துக்குள் இறக்கக்கூடிய வகையில் முன்கூட்டியே கோத்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி.

ஆட்களை எப்போது வெளியேற்றுவது என்பது கடினமான முடிவு. உயிர் முதலில் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் வடத்தை வாங்கிக் கட்ட ஆளில்லை. 1993 ஜனவரி 5 அன்று ஷெட்லாண்ட் தீவருகே 'பிரேர்' என்ற எண்ணெய்க் கப்பலில் மாலுமிகள் எல்லோரும் ஹெலிகாப்டரில் வெளியேறிய பிறகே டக் வந்தது. சிலரை மீண்டும் கப்பலில் இறக்கி வடம் கட்ட எடுத்த முயற்சி பலிக்கவில்லை. ஏறத்தாழ 85,000 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. ஆகவே பாதுகாப்பு இடம் கொடுக்கும்வரை ஐந்தாறு பேராவது முன்தள வேலைக்கு நிற்கும்படி திட்டமிடுவது நல்லது.

நான்காம் படி: வடம் கொடுத்தல்

இந்த வேலையின் கடினம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. டக் வந்தவுடன் நேராக நெருங்காது. சற்றுத் தொலைவில் எஞ்சினை நிறுத்தி, தானும் காற்றில் ஒதுங்கிப் பார்க்கும். இரண்டில் எது வேகமாக ஒதுங்குகிறது என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கமாக நெருங்குவது என்று முடிவு செய்ய முடியும். உயரமான கப்பல் டக்கைவிட வேகமாக ஒதுங்கும் என்றால், காற்று போகும் பக்கத்தில் நிற்கும் டக்கின்மேலேயே அது ஏறி வந்துவிடும். பெரும்பாலான கப்பல்கள் எஞ்சின் நின்றதும் அலைக்குப் பக்கவாட்டில் கிடந்து உருளும்; அப்போது முன்முனை மேலும் கீழும் பல மீட்டர் ஆடும். அதன் அடியில் 60, 70 மீட்டர் நீளமுள்ள டக் பின்பக்கத்தைக் கொடுத்து நிற்க வேண்டும்.

முதலில் போவது மெல்லிய கயிறு. கையால் எறியும் ஹீவிங் லைன் எட்டாத தூரம் என்றால் ராக்கெட் கயிறு. கப்பல்களில் உள்ள இந்தக் கருவி 230 மீட்டராவது எட்ட வேண்டும். யார் சுடுவது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கப்பலை நோக்கி டக்கிலிருந்து சுடக் கூடாது. கப்பலிலிருந்துதான் டக்கை நோக்கிச் சுட வேண்டும். மெல்லிய கயிற்றின் முனையில் சற்றுத் தடித்த மெசஞ்சர் கயிறு, அதன் முனையில் இன்னும் தடித்தது, கடைசியில் இழுவடத்தின் முன்துண்டும் சங்கிலியும் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஏறும்.

மின்சாரம் இல்லாத கப்பலில் இதை எப்படி இழுப்பது? சங்கிலியோடு கூடிய எஃகு வடத்தை ஆறு பேர் கையால் ஏற்ற முடியாது. எனவே மெசஞ்சரைக் கப்பலின் முன்தளத்தில் உள்ள ஒரு உருளையில் சுற்றி, மறுமுனையை மீண்டும் டக்குக்கே இறக்கிவிடுவார்கள். டக் தன் வின்சால் அந்த முனையைச் சுற்ற, வடம் தானாக மேலே ஏறி வரும். கப்பலில் இருப்பவர்களின் வேலை, கயிறு சிக்காமல் பார்ப்பதும், சங்கிலி வந்து சேர்ந்ததும் அதைப் பிடிப்பானில் பூட்டுவதும்தான். நனைந்த முன்தளத்தில், கையுறை வழுக்க, டார்ச் வெளிச்சத்தில், அந்தப் பூட்டின் ஊசியை அதன் துளையில் நுழைக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் விரல்கள் போகின்றன. ஒருவர் கை காட்ட, மற்றவர் அதை மட்டுமே பார்த்து வேலை செய்ய வேண்டும். இரண்டு பேர் கட்டளை கொடுக்கும் முன்தளத்தில் விபத்து நடக்கும். ரேடியோவில் எந்த மொழியில் பேசுவது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். போசன் தூத்துக்குடிக்காரர், ஏ.பி. எனப்படும் தள மாலுமி கொங்கணக் கரைக்காரர், டக் கேப்டன் வேறு நாட்டவர் என்றால் ஆங்கிலத்தில் சிறிய, மாறாத சொற்களே பாதுகாப்பு.

துளையின் வழியாக வரும் இடத்தில் எஃகு வடம் உராய்ந்து அறுந்துவிடும். அதனால்தான் அந்தப் பகுதியில் மட்டும் சங்கிலி இருக்கிறது. நேரமும் வின்ச் மின்சாரமும் இருந்தால் மற்றொரு வழி உண்டு: நங்கூரத்தைக் கழற்றி, அதன் சங்கிலியோடு இழுவடத்தை இணைத்து, ஓரிரு ஷேக்கிள் நீளம் வெளியே விடுவது. ஷேக்கிள் என்பது சங்கிலி நீளத்தின் அளவு; ஒரு ஷேக்கிள் 27.5 மீட்டர். இணைப்பின் வலுவும் எடையும் கூடும், ஆனால் வேலை நேரம் நீளும்.

ஆளே இல்லாத கப்பல் என்றால் மேலிருந்து ஆளிறக்க வேண்டும். 2025 ஜூன் 9 அன்று கொழும்பிலிருந்து நவா ஷேவாவுக்கு (ஜவஹர்லால் நேரு துறைமுகத்துக்கு) வந்துகொண்டிருந்த 'வான் ஹாய் 503' கொள்கலன் கப்பல் கேரளக் கரைக்கு அப்பால் தீப்பிடித்தது. 22 மாலுமிகளில் 18 பேர் மீட்கப்பட்டார்கள். நான்கு பேரைக் காணவில்லை. சில நாட்களில் வானிலை கெட்டு, கப்பல் கரையை நோக்கி ஒதுங்கத் தொடங்கியபோது, கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர் மீட்புக் குழுவினரை அதன் தளத்தில் இறக்கியது. அவர்கள் 600 மீட்டர் இழுகயிற்றை 'ஆஃப்ஷோர் வாரியர்' என்ற டக்கோடு இணைத்துக் கப்பலைக் கரையிலிருந்து விலக்கினார்கள்.

ஐந்தாம் படி: இழுத்தல்

வடம் பூட்டியதும் உடனே முழு விசையில் இழுப்பதுதான் புதியவர்கள் செய்ய நினைக்கும் முதல் தவறு. நின்ற கப்பலின் எடை பல்லாயிரம் டன். திடீரென்று இறுகும் வடம் அறுந்துவிடும். டக் மிக மெதுவாக விலகி, வடத்தை வெளியே விட்டுக்கொண்டே போய், பிறகு சிறிது சிறிதாக விசையைக் கூட்டும். முதல் நோக்கம் எங்கும் கொண்டுபோவது அன்று. கப்பலின் முகத்தைக் காற்றுக்குத் திருப்பி, ஒதுக்கத்தை நிறுத்துவது மட்டுமே. அது முடிந்தாலே பாதி ஆபத்து விலகும். வானிலை மோசமாக இருக்கும்போது ஆறேழு மணி நேரம் இடத்தை விட்டு நகராமல் நிற்பதைத் தோல்வியாக யாரும் எண்ணுவதில்லை.

இழுக்கும்போது எஃகு வடம் நடுவில் தொய்ந்து நீருக்குள் இறங்கியிருக்க வேண்டும். அந்தத் தொய்வுதான் மோட்டார் வண்டியின் ஸ்பிரிங்கைப் போல அலையின் உதறலை வாங்கிக்கொள்கிறது. வடம் நீரிலிருந்து எழுந்து நேர்க்கோடாக விறைத்தால் விசையைக் குறைக்க வேண்டும் அல்லது நீளத்தைக் கூட்ட வேண்டும். இங்கே மும்பைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு: ஆழம் இருபது முப்பது மீட்டர்தான் என்றால், நீண்ட வடத்தின் தொய்வு கடலடியில் உரசும், அதனால் கரையை நெருங்க நெருங்க நீளத்தைக் குறைத்தே ஆக வேண்டும், நீளம் குறைந்தால் உதறல் கூடும். உராயும் இடத்தில் எப்போதும் ஒரே புள்ளி மாட்டாதபடி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிறிதளவு வடத்தை விட்டுக்கொடுப்பதும் வழக்கம்.

டக்கின் உயிரையே பறிக்கக்கூடிய ஆபத்து, வடம் பின்னிருந்து பக்கவாட்டுக்கு வந்துவிடுவது. இழுக்கப்படும் கப்பல் திடீரென ஒரு பக்கம் ஓடி, வடம் குறுக்கே இறுகினால் டக் சில நொடிகளில் கவிழும். ஆகவே வடத்தைப் பின்முனையில் அடக்கிப் பிடிக்கும் கட்டு, பின்தளக் கதவுகள் மூடியிருப்பது, பின்தளத்தில் ஆளே இல்லாமல் இருப்பது, வடத்தை உடனே விடுவிக்கும் அவசரப் பொத்தான் சோதிக்கப்பட்டிருப்பது ஆகிய நான்கையும் கேப்டன் தானே பார்க்க வேண்டும்.

தரைதட்டிய கப்பலும் தீப்பிடித்த கப்பலும்

தரைதட்டிய கப்பலை வந்தவுடன் இழுக்கக் கூடாது. அடியில் ஓட்டை இருந்தால், மணலில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் கப்பலை ஆழத்தில் கொண்டுபோய் மூழ்கடிப்பதாகிவிடும். முதலில் எல்லாத் தொட்டிகளிலும் நீர்மட்டம் அளந்து, சுற்றிலும் கடலாழம் அளந்து, கப்பலின் எடையில் எவ்வளவு தரையில் நிற்கிறது என்று கணக்கிட வேண்டும். அலை மேலும் கரைக்குத் தள்ளுகிறது என்றால், தொட்டிகளில் வேண்டுமென்றே நீரேற்றிக் கப்பலை இருந்த இடத்திலேயே அழுத்தி நிறுத்துவதும் உண்டு. பிறகு கடல்மட்டம் மிக உயரும் ஏற்ற நேரத்துக்காகக் காத்திருக்க வேண்டும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர்மட்ட வேறுபாடு நான்கைந்து மீட்டர் வரை போவது மீட்பவர்களுக்குப் பெரிய உதவி. மீனவர்களின் நாட்காட்டியும் டக் கேப்டனின் அட்டவணையும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

தீயில், நீர்ப்பீரங்கி எவ்வளவு வலுவோ அவ்வளவு ஆபத்தும் உண்டு. முதல் தரத் தீயணைப்பு வகை டக் மணிக்கு 2,400 கன மீட்டர் நீரைப் பீய்ச்ச வேண்டும். வடிகால் இல்லாமல் அந்த நீர் தளங்களில் தேங்கினால் கப்பல் சாய்ந்து கவிழும். ஆகவே தீயை அணைப்பதைவிட, பக்கச் சுவர்களைக் குளிர்வித்துத் தீ பரவாமல் தடுப்பதே பெரும்பாலும் முதல் வேலை.

கடைசிப் படி: எங்கே கொண்டுபோவது, எப்படி ஒப்படைப்பது

பழுதுபட்ட கப்பலை எந்தத் துறைமுகமும் விரும்பி ஏற்பதில்லை. 2002 நவம்பரில் ஸ்பெயினுக்கு அப்பால் சேதமடைந்த 'பிரெஸ்டீஜ்' எண்ணெய்க் கப்பலைக் கரையிலிருந்து விலக்கி நடுக்கடலுக்குத் துரத்தியதில், ஆறு நாட்களில் அது இரண்டாக உடைந்து மூழ்கியது. அடுத்த ஆண்டே சர்வதேச கடல்சார் அமைப்பு புகலிடங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஒதுக்கம் நின்ற உடனே, இழுப்பு தொடங்கும் முன்பே, புகலிட அனுமதிக்கான விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். கப்பல் துறைமுக வாயிலில் வந்து நின்ற பிறகு அனுமதி கேட்டால், அலையில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் வடம் தேயும்.

ஒப்படைக்கும்போது கப்பல் இருக்கும் நிலை, நேரம், இணைப்பிலிருந்து விடுபட்ட இடம் ஆகியவற்றை எழுதி இரு கேப்டன்களும் கையெழுத்திட வேண்டும். மீட்பூதியம் பற்றிய வழக்கில் நடுவர் முதலில் கேட்பது இந்தத் தாளைத்தான். பதிவேட்டில் வடம் கொடுத்த நேரம், இறுகிய நேரம், ஒவ்வொரு மணியிலும் விசையும் திசையும் இருக்க வேண்டும். கப்பலின் பயணத் தகவல்களைப் பதியும் வி.டி.ஆர். கருவியின் பதிவை எஞ்சின் நின்ற சில மணி நேரத்துக்குள்ளேயே சேமித்துவிடுங்கள். பழைய வகைக் கருவிகள் 12 மணி நேரப் பதிவை மட்டுமே தக்கவைத்து, அதன் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போகும்.